தலைக்கு ஆயிரம்

பணி ஓய்வுப் பணம் வங்கிக் கணக்கில் ஏறிய மூன்றாம் நாள் மச்சினன் வந்துவிட்டான். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம், அரைக் கிலோ மிக்சர், சுருட்டிய கிராப் பேப்பர். பழமும் மிக்சரும் அவன் அக்காவுக்கு. கிராப் பேப்பர் எனக்கு.

"மாமா, ரெட்டிபாளையத்துல உங்கப்பா வச்சிட்டுப் போன பன்னண்டு சென்ட்டு சும்மாக் கெடக்குது. கருவேல மரத்துக்கா வச்சிருக்கீங்க? லைன் வீடு கட்டி விடுங்க. ஒண்ணாந் தேதியானா காசு. உக்காந்து சாப்பிடலாம்."

பேப்பரை விரித்தான். பத்துக்குப் பன்னிரண்டு அடியில் பத்துக் கட்டம். ஐந்து இந்தப் பக்கம், ஐந்து அந்தப் பக்கம், நடுவில் ஒரே சுவர். கோடியில் இரண்டு கக்கூஸ், ஒரு குழாய். பத்து அறைக்கும் சேர்த்து ஒரு ஜன்னல்கூட இல்லை. கேட்டேன்.

"முதுகும் முதுகும் ஒட்டியிருக்குல்ல மாமா, ஜன்னலை எங்க வைக்கறது?"

"வாடகை ரூமுக்கு எவ்வளவு வரும் மாப்ள?"

அவன் பதறிப்போனான். "ரூமுக்குன்னு வெளிய சொல்லிடாதீங்க மாமா. தலைக்கு. தலைக்கு ஆயிரம். ரூமுக்கு ஆறு தலை. பத்து ரூமு. நீங்களே கணக்குப் போட்டுக்குங்க."

கணக்கு எனக்குப் புதிதல்ல. மின்வாரியத்தில் கணக்கீட்டாளராக ஊர் ஊராகப் போய் மீட்டர் பார்த்தவன் நான். அறுபதாயிரம். என் பென்ஷனை விட அதிகம். ஆனாலும் பத்துக்குப் பன்னிரண்டில் ஆறு பேர் எப்படிக் கால் நீட்டுவார்கள் என்ற சந்தேகம் எனக்கு. அவனுக்கு அது இல்லை.

"ஷிப்டு மாமா. மூணு பேரு வேலையில இருப்பான், மூணு பேரு தூங்குவான். ஒருத்தன் படுத்த பாய் ஆறறதுக்குள்ள அடுத்தவன் வந்துடுவான்."

மாட்டுக்குக்கூடக் கொட்டகையில் திரும்பிப் படுக்க இடம் விடுகிற ஊர் இது. நான் அதைச் சொன்னேன். மாடு பால் கறக்குது மாமா என்றான்.

ரெட்டிபாளையம் தெரியாதவர்களுக்கு: அரியலூருக்குப் பக்கத்துக் கிராமம். சிமெண்ட் ஆலையால் பெயர் பெற்றது. ஆலையைத் தரணி என்றார்கள், பிறகு கிராசிம் என்றார்கள், 2010-லிருந்து அல்ட்ராடெக். இந்த வட்டாரமே அப்படித்தான். அரியலூரில் அரசு ஆலை, ஆலத்தியூரிலும் கோவிந்தபுரத்திலும் ராம்கோ, தளவாயில் இந்தியா சிமெண்ட்ஸ், கீழப்பழூரில் செட்டிநாடு, போதாததற்கு டால்மியா. காரணம் காலுக்குக் கீழே இருக்கிறது. சுமார் ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன்னால் இங்கே கடல் இருந்தது. அதன் சிப்பியும் கிளிஞ்சலும் இறுகிச் சுண்ணாம்புக்கல்லாயின. வாரணவாசியில் அருங்காட்சியகம் வைத்து அந்தச் சிப்பிகளைக் காட்டுகிறார்கள். எங்கள் ஊரின் முதல் குடித்தனக்காரர் அந்தக் கடல்தான். காலி பண்ணிப் போகும்போது அட்வான்ஸைத் திருப்பிக் கேட்கவில்லை. சாமான்களையும் விட்டுவிட்டுப் போய்விட்டது. அதைத் தோண்டி விற்றுத்தான் இந்த ஜில்லாவே சாப்பிடுகிறது. அந்த ருசிதான் எங்கள் ஆட்கள் நாக்கில் ஒட்டிக்கொண்டது போலும்: குடியிருக்க வருகிறவன் எதையாவது விட்டுவிட்டுத்தான் போகவேண்டும்.

நாட்டுக்கே வீடு கட்டச் சிமெண்ட் அனுப்புகிற மண். 2015 ஜனவரியில் அம்மா சிமெண்ட் மூட்டை 190 ரூபாய்க்கு வந்தது. 2021 நவம்பரில் அரசு நிறுவனமே வலிமை சிமெண்டை இறக்கியது. ஆட்சி மாறினால் மூட்டையின் பெயர் மாறும். மாறாத ஒன்று உண்டு. மூட்டை ஏற்றுகிறவன் படுக்க இங்கே யாரும் ஒரு ஜன்னல் வைத்ததில்லை.

அவன் பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ ஒப்பந்தக்காரர் மூலம் வருகிறவன். வெளிமாநிலத் தொழிலாளியைக் கூட்டிவரும் ஒப்பந்தக்காரர், வேலை இருக்கும் வரை அவருக்குத் தகுந்த தங்குமிடம் கொடுத்தாக வேண்டும் என்று 1979-லேயே மத்திய அரசு சட்டம் போட்டது. 'தகுந்த' என்ற சொல்லை நாங்கள் எங்கள் வசதிக்குப் படித்துக்கொண்டோம். ஒப்பந்தக்காரர் கடமையை மச்சினன் மாதிரி ஆட்களிடம் தள்ளிவிடுகிறார். மச்சினன் அதைக் கட்டம் கட்டித் தலைக்கு ஆயிரமாக்குகிறான். அந்த ஆயிரம் தொழிலாளியின் கூலியிலிருந்தே பிடிக்கப்படுகிறது. அந்தச் சட்டம் யார் கொடுக்க வேண்டும் என்றதை யார் கொடுக்கிறார்கள் என்று கேட்டால், "ஹிந்திக்காரனுக்கு நீங்க என்ன மாமா வக்கீலா?" என்பான். ஏழை வீட்டுக்கு அரசு ஒதுக்கும் அளவாவது இவனுக்குத் தெரியுமா என்று பார்த்தேன். கலைஞர் கனவு இல்லத்துக்கு 360 சதுர அடி. அதில் ஒரு குடும்பம். அதையும் சொன்னேன். "அரசாங்கத்துக்கு என்ன மாமா, மக்கள் காசு. இது நம்ம காசு."

அவன் பேச்சில் என்னை உசுப்பியது அடுத்த வரி. "கரண்ட்ல தனியா ஒரு வருமானம் இருக்குது மாமா. அது உங்களுக்குத் தெரியாததா?"

தெரியாதா? ஒரு மீட்டர், அதிலிருந்து பத்துச் சப்-மீட்டர், யூனிட் பத்து ரூபாய். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்று 2016 மே 23 அன்று ஜெயலலிதா பதவியேற்ற கையோடு கையெழுத்துப் போட்டார். அந்த நூறு யூனிட் யாருக்கு என்று நினைக்கிறீர்கள்? தனி இணைப்பு இருக்கிற போர்ஷனில் 200 யூனிட் ஓடினால் வாரியத்துக்குக் கட்டவேண்டிய தொகை, 2024-ல் கட்டணம் ஏறிய பிறகும், முந்நூறு ரூபாய்கூட வராது. அதே 200 யூனிட்டுக்கு வீட்டுக்காரர் குடித்தனக்காரரிடம் வாங்குவது இரண்டாயிரம். நான் வாசலில் நின்று வெள்ளை அட்டையில் ரீடிங் எழுதுவேன். வீட்டம்மா அட்டையைச் சட்டென்று வாங்கி உள்ளே அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார். நகையை அப்படிப் பூட்டிப் பார்த்ததில்லை. மாடிப்படியில் நிற்கும் குடித்தனக்காரப் பெண் என் முகத்தைப் பார்ப்பாள்: எத்தனை ஓடியிருக்கு சார்? நான் சொல்வதற்குள் வீட்டம்மா குறுக்கே வந்து "அவரு அவசரமாப் போறாரு" என்பார். மின்சாரம் திருடினால் எங்கள் பறக்கும் படை வரும். இலவச மின்சாரத்தைத் திருடினால் ஒரு படையும் வராது. திருடியவர் பொங்கலுக்கு எனக்குக் கரும்பு கொடுப்பார். வாங்கியிருக்கிறேன்.

சரி, லைன் வீடு வேண்டாம், கௌரவமாக இரண்டு குடும்ப போர்ஷன் கட்டலாம் என்று யோசித்தேன். தொழில் கற்றுக்கொள்ள அரியலூர் டவுனில் உள்ள நண்பர் ஒருவரிடம் போனேன். மூன்று வீடு வாடகைக்கு விடுகிறவர். என்னைப் போலவே ரிட்டயர் ஆனவர்.

நகரத்தில் வாடகைச் சட்டம் இருக்கிறதே என்று ஆரம்பித்தேன். 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தூக்கிவிட்டு 2017-ல் ஒன்று நிறைவேற்றினார்கள். 2019 பிப்ரவரி 22 அன்று அமலுக்கு வந்தது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பில் பதிவு செய்ய வேண்டும், மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்குவது சட்டவிரோதம். நண்பர் சிரித்தார். அந்தப் பிரிவை அவர் என்னை விட நன்றாகப் படித்திருக்கிறார். "வேறு விதமாக ஒப்பந்தம் இருந்தால் தவிர" என்று அதன் தலையிலேயே ஒரு தொப்பி இருக்கிறது. திருடக்கூடாது, திருடிக்கொள்ளலாம் என்று இருவரும் எழுதிக்கொண்டால் தவிர. எழுதிக்கொள்ளாமல் இந்தக் குடித்தனக்காரன் எங்கே போய்விடுவான்? பத்து மாத அட்வான்ஸ் வாங்குகிறார். காலி பண்ணும்போது வெள்ளை அடிக்க ஒரு மாதம், 'தேய்மானத்துக்கு' ஒரு மாதம். தேய்ந்தது தரையா குடித்தனக்காரனா என்று அவர் பார்ப்பதில்லை.

குடித்தனக்காரரிடம் அவர் வாங்கி வைப்பவை: ஆதார் நகல், கம்பெனி அடையாள அட்டை, கல்யாண போட்டோ (தாலி தெரிகிற மாதிரி). வாடகை வருஷத்துக்கு ஒரு லட்சத்தைத் தாண்டினால் சம்பளக்காரர் வருமான வரிச் சலுகைக்கு வீட்டுக்காரரின் பான் எண்ணைக் காட்டவேண்டும். அதைக் கேட்டால்? "பான் கார்டு கேக்கற ஆளுங்களுக்கு நான் வீடு விடறதில்ல. நம்பிக்கை இல்லாதவங்களோட எப்படிப் பழகறது?"

இப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போதே மாடி போர்ஷனைக் கேட்டு ஒரு தாயும் மகளும் வந்தார்கள். மகள் அரியலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் செவிலியர். 2022 ஜனவரியில் திறந்தது. அது வந்தபிறகுதான் டவுனில் வாடகை இப்படி ஏறியது. நண்பர் முகம் மலர்ந்தது. உட்காரச் சொன்னார். டீ சொன்னார். பிறகு ஆரம்பித்தது.

"சொந்த ஊரு எதும்மா?"

"பெரம்பலூர் பக்கம் அங்கிள்."

"பக்கம்னா?"

ஊரின் பெயரைச் சொன்னாள்.

"அட, நமக்குத் தெரிஞ்ச ஊருதான். அங்க எந்தத் தெரு?"

"மெயின் ரோட்டுலேர்ந்து உள்ள போகணும் அங்கிள்."

"உள்ளன்னா, கோயிலுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

அவள் அம்மாவைப் பார்த்தாள்.

"அப்பா என்ன பண்றாரு? அப்பா பேரு? குலதெய்வம் எது? ஆடி மாசம் ஊருக்குப் போவீங்கல்ல, அதுக்குத்தான் கேக்கறேன்."

அந்த அம்மா டீ கிளாஸைக் கீழே வைத்தார். இன்னும் வாய் வைத்திருக்கவில்லை. "நாங்க எஸ்.சி.ங்க. வீடு உண்டா இல்லையான்னு மட்டும் சொல்லிடுங்க. பஸ்ஸுக்கு நேரமாவுது."

நண்பர் துள்ளினார். "சேச்சே! என்னம்மா நீங்க! நான் அதெல்லாம் பாக்கற ஆளே இல்ல. எம் பொண்ணு நேத்துதான் போன் பண்ணி, பிள்ளைகளோட இங்கயே வந்துடறேம்ப்பான்னு சொல்லிட்டா. அதான்." நேற்றே அந்தப் போன் வந்ததாம்; ஆனால் நாங்கள் வாசலில் உட்கார்ந்திருந்த அரை மணி நேரமாக அவர் மாடியை வாடகைக்கு விடுவதைப் பற்றித்தான் எனக்கு வகுப்பெடுத்தார்.

அவர்கள் போனபிறகு என்னிடம் விளக்கினார். "எனக்கு ஒண்ணுமில்ல சார். மத்த குடித்தனக்காரங்க ஒத்துக்க மாட்டாங்க." கீழே குடித்தனம் கிடையாது. முன்பக்கம் ஒரு செல்போன் கடை. சர்க்கரை பார்க்க மாதம் ஒருமுறை இவர் போவது அந்த ஆஸ்பத்திரிக்குத்தான். ஊசி போட வருகிற கையைப் பிடித்து, கோயிலுக்கு எந்தப் பக்கம் என்று கேட்டுவிட்டா போட்டுக்கொள்கிறார்? குறைந்தபட்சம் அந்த டீ கிளாஸையாவது பாருங்கள்: வேலைக்காரம்மா அதை மற்ற கிளாஸ்களோடு வைக்காமல் தனியாகக் குழாயடியில் வைத்தார். யாரும் சொல்லவில்லை. சொல்லவேண்டியதும் இல்லை.

நான் என்ன செய்தேன்? என் டீயைக் குடித்து முடித்தேன்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன். சட்டம் இல்லாமலா இருக்கிறது? தீண்டாமையைக் காரணமாக வைத்து ஒருவர் எந்தப் பகுதியிலும் வீடு கட்டுவதை, வாங்குவதை, குடியிருப்பதைத் தடுப்பது குற்றம் என்று 1955-லேயே எழுதிவிட்டோம். அமெரிக்காவும் பிரிட்டனும் நிறம் பார்த்து வீடு மறுப்பதைத் தடை செய்தது 1968-ல். சட்டம் போடுவதில் வெள்ளைக்காரனை விடப் பதின்மூன்று வருஷம் முந்தியவர்கள் நாம். அவன் முட்டாள்; கறுப்பருக்கு வீடில்லை என்று ஜன்னலில் அட்டை தொங்கவிட்டு மாட்டிக்கொண்டான். நம் ஆள் அட்டையில் 'டூ-லெட்' என்று மட்டும் எழுதுகிறான். மிச்சத்தைக் குலதெய்வத்திடம் கேட்டுக்கொள்கிறான். எந்தப் போலீஸ் எந்தக் குலதெய்வத்தை விசாரிக்கும்? அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல்லை நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதல்வர் பேரவையில் அறிவித்தார். நல்லது. எங்கள் வீட்டுக்காரர்கள் அந்தச் சொல்லை எப்போதோ கைவிட்டுவிட்டார்கள். அவர்களுக்கு 'எந்தப் பக்கம்?' போதும்.

படித்தவர்கள் நிறைந்த தலைநகரம் மட்டும் என்ன வாழ்கிறது? தில்லிச் சுற்றுவட்டாரத்தில் பெயரை மட்டும் மாற்றி வீடு கேட்டுப் பார்த்த ஆய்வைச் சுகதேவ் தோரட்டும் உடனிருந்தவர்களும் 2015-ல் வெளியிட்டார்கள். தலித் பெயருக்கும் முஸ்லிம் பெயருக்கும் கதவு சாத்தப்பட்டது. ஒரு மதத்தாருக்கு மட்டும் வீடு என்று கூட்டுறவுச் சங்கம் விதி வைத்துக்கொள்ளலாம் என்று 2005-ல் உச்ச நீதிமன்றமே பார்சி சங்க வழக்கில் சொல்லிவிட்டது. 2011 கணக்கெடுப்பில் இந்த நாட்டின் நகரங்களில் பூட்டிக் கிடந்த வீடுகள் சுமார் ஒரு கோடியே பத்து லட்சம். வீட்டுப் பஞ்சமாம்!

மனைவியிடம் என் முடிவைச் சொன்னேன். இரண்டு போர்ஷன். எல்லா அறைக்கும் ஜன்னல். இரண்டுக்கும் தனித்தனி மீட்டர், அட்டை அவரவர் கையில், பணத்தை அவரவரே வாரியத்துக்குக் கட்டிக்கொள்ளட்டும். மூன்று மாத அட்வான்ஸ். தலைக்கணக்கு கிடையாது. ஊர், தெரு, சாமி எதுவும் கேட்கப்போவதில்லை.

"யாரு வந்தாலும் விட்டுடுவீங்களா?" என்றாள்.

"யார் வந்தாலும்னா?"

"அதான்... யாரு வந்தாலும்." முப்பத்தைந்து வருஷம் கூடக் குடித்தனம் நடத்தியவளின் அந்த மூன்று புள்ளியை எனக்குப் படிக்கத் தெரியும். சண்டை வந்தது. அவள் அண்ணன் தம்பி, என் சித்தப்பா மகன், பக்கத்து மனைக்காரர் வரை அது பரவியது. மச்சினன் போனில் கத்தினான்: "ஊரு ரேட்டையே கெடுக்கறீங்க மாமா! மத்தவங்க வயித்துல அடிக்கறீங்க!" தலைக்கு ஆயிரம் வாங்குகிறவனுக்கு வயிறு இருப்பது அன்றுதான் தெரிந்தது.

நானும் யோக்கியன் இல்லை. அஸ்திவாரம் தோண்டும்போதே கேள்விப்பட்டு ஒருவர் போன் செய்தார். ஆலையில் ஃபிட்டராம், குடும்பத்தோடு வருகிறாராம். என் வாய் என்னைக் கேட்காமலேயே கேட்டுவிட்டது: "சொந்த ஊரு எதுங்க?" எதிர்முனையில் இரண்டு நொடி சத்தமில்லை. அந்த இரண்டு நொடியும் எனக்குத் தெரியும். டீ கிளாஸைக் கீழே வைக்கிற நேரம். "வேண்டாம், சொல்லாதீங்க. எத்தனை பேரு, எப்ப வர்றீங்க, அது போதும்" என்றேன். அவர் நம்பவில்லை. அவர் ஏன் நம்ப வேண்டும்? போனை வைத்துவிட்டார். திரும்பக் கூப்பிடவில்லை.

போன வாரம் நண்பர் வீட்டுப் பக்கம் போயிருந்தேன். பழைய பழக்கம், கால் தானாக மீட்டர் பெட்டியிடம் போனது. மாடி போர்ஷனின் அட்டை ஆணியில் தொங்கியது. காலியான வீட்டின் அட்டையை யாரும் பூட்டி வைப்பதில்லை. நண்பரின் மகள் இன்னும் வரவில்லை. அந்தச் செவிலியர் பெரம்பலூர் பஸ்ஸில்தான் வந்து போகிறார். காலை ஷிப்டு நாளில் நிறுத்தத்தில் பார்த்தேன். அட்டையில் கடைசி நான்கு வரியிலும் ஒரே ரீடிங். ஆறு மாதமாக அந்த வீட்டில் ஒரு யூனிட்கூட ஓடவில்லை.